புள்ளிக்குப் பின்னால் பெய்த மழை

அத்தியாயம் 6

"மிஸ், ஒண்ணு கேக்கவா?"

"வேணாம்னா கேக்காம இருப்பீங்களா கந்தப்பண்ணே? கேளுங்க."

"போன வாரம் மூணு நாளா மழை பேஞ்சு, மலை சரிஞ்சு, பிள்ளைக்காம்பரா சுவத்தையே தூக்கிட்டுப் போயிருச்சு. மழைய அளக்குற மிஷின் மட்டும் 'மழையா, எங்க?'ன்னு கேக்குது. இவ்வளவு நல்லா முழிக்கத் தெரிஞ்ச மிஷின் தோட்டத்துல எதுக்குக் கெடக்குது? கொழும்புல பெரிய உத்தியோகத்துக்கே போயிருக்கலாமே!"

பின்சீட்டில் இருந்த ஷாமிலா சிரிக்கவில்லை. கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அவளுக்கு நிலைகொள்ளவில்லை என்றால் கைக்குட்டைக்குத்தான் முதலில் தெரியும். பிறகு கந்தப்பனுக்குத் தெரியும்.

லிந்துலைச் சந்தியைத் தாண்டி ஆட்டோ முனகிக்கொண்டு மேட்டில் ஏறியது. அடித்து ஊற்றுகிற மழை இல்லை. பெய்யவா, போகவா என்று யோசித்து யோசித்தே நேற்று மத்தியானத்திலிருந்து விடாமல் விழுந்துகொண்டிருக்கிற சோம்பேறி மழை. கண்ணாடியைத் துடைத்தால் அடுத்த நிமிடம் மறுபடியும் மூடிக்கொண்டது. கந்தப்பனுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. கொட்டித் தொலைத்தாலாவது ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு பிளேன்டீ குடிக்கலாம்.

ஹட்டனில் அண்ணன் மர்சூக்கின் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் ஷாமிலாவின் விசாரணை நிலையம். பத்து வருடம் கொழும்பில் ஒரு கம்பெனிக் கம்பியூட்டர்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வந்தவள், இப்போது மனிதர்களின் கோளாறுகளைப் பார்க்கிறாள். ஆட்டோ ஓட்ட வந்த கந்தப்பன், தனக்குத் தானே உதவியாளர் உத்தியோகம் கொடுத்துக்கொண்டு ஆறு வருடமாகிறது. இன்று காலை படியேறி வந்து அழுத ஜெயந்தினிதான் இப்போது ஷாமிலாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கரடிப்பாறைத் தோட்டத்துப் பெண். அங்கே மண்சரிவுச் சைரனுக்குக் காவல் இருந்த சிவசாமியின் மகள்.

"எங்கப்பா அத நிப்பாட்டல மிஸ். சாமி சத்தியமா நிப்பாட்டல. மிஷின் ஓடுதுன்னு காட்டுற பச்ச லைட்டு எரிஞ்சுகிட்டேதான் இருந்துச்சாம்."

"தோட்டத்துல என்ன செல்றாங்க?"

"மழை அளக்குற கருவிய அப்பா படங்கால மூடிட்டாராம். சைரன் ஊதுனா ஓடி ஓடி வேல பாக்கணும்ல, அந்தச் சோம்பல்லயாம். ஞாயித்துக்கெழமை, யாரும் கொழுந்தெடுக்கப் போகாததால பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டுப் போற புள்ளைங்க இல்ல. இருந்திருந்தா..."

"உங்கப்பா இப்ப எங்க?"

"லயத்துல, எங்க வரிசை வீட்டுல."

"எந்த லயத்துல? எல்லாரும் ஸ்கூல்லதானே தங்கி ஈக்காங்க?"

"ஸ்கூலுக்குள்ள விடல மிஸ். எங்க புள்ளைங்களக் கொல்லப் பாத்தவன் எங்ககூடப் படுக்கக் கூடாதுன்னு தொரத்திட்டாங்க. அவரு மட்டும் மேல நாலாம் லயத்துல, எங்க காம்பராவுலயே கெடக்குறாரு. கூப்புட்டா வரமாட்டேங்குறாரு."

கந்தப்பன் பிரேக்கை மிதித்துவிட்டான்.

"சரியுற மலைக்கு அடியிலயா?"

"வண்டிய ஓட்டுங்கண்ணே," என்றாள் ஷாமிலா. "அவர் மட்டுமில்ல. பின்னேரம் நாலு மணிக்கு எல்லாரையும் லொறியில ஏத்தி லயத்துக்கே திருப்பி அனுப்பப் போறாங்க. நெனச்சுப் பாருங்க. சிவசாமி சைரனை நிப்பாட்டினது உண்மைன்னா, மிஷின் நல்ல மிஷின். ஆளை மாத்தியாச்சு, சனம் போய்ப் படுக்கலாம். அவர் நிப்பாட்டலன்னா?"

"மிஷின் செவிடு."

"அதேதான். அவர் குத்தவாளி இல்லன்னு நாங்க காட்டினா, அந்த லயங்கள்ல ஒருத்தரும் இன்னைக்குத் தூங்கக் கூடாதுன்னும் காட்டினதாகும். அதுவும் நாலு மணிக்குள்ள."

கந்தப்பன் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் பயமாக இருக்கும் என்று ஆக்சிலேட்டரைத் திருகினான்.

மழை அளக்கும் கருவி, தேயிலை மலையின் முதுகில் கம்பிவேலிக்குள் நின்றது. மேலே புனல் மாதிரி ஒரு வாய், கீழே அகலமான தகரத் தட்டு, தட்டின் நடுவில் தண்ணீர் ஒழுகிப் போக ஒரு சின்னக் குழாய். அளந்து முடித்த மழை அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே வரும். ஒரு நாள் மழை நூறு மில்லிமீட்டரைத் தாண்டினால் கீழே சைரன் தானாக ஊத வேண்டும். கொழுந்து மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாகக் காத்திருந்தார்.

"போலீசுக்கே சொல்லியாச்சு, இப்ப நீங்க வேற எதுக்கு?" என்று ஆரம்பித்தார். "மிஷின்ல ஒரு பிழையும் இல்ல. ஐப்பசி மாசம் இடி விழுந்து பழைய பெட்டி எரிஞ்சு போச்சு. ஆபீஸ் கம்பியூட்டர் தம்பி விஜிதரன், கெடந்த ஒரு பழைய கம்பியூட்டர வச்சு எல்லாத்தையும் புதுசா எழுதிக் குடுத்தாரு. அடுத்த வாரமே பேய் மழை. சைரன் ஊதுன ஊதுல கூரைத் தகரமெல்லாம் அதிந்துச்சு. அப்புறம் எப்புடி இப்ப மட்டும் ஊதாது?"

"பேய் மழைக்கு ஊதிச்சு," என்றாள் ஷாமிலா, தனக்குள் சொல்வது போல. "போன வாரம் பேஞ்சது எப்படிப்பட்ட மழை?"

"இதே மாதிரிதான். சிணுசிணுன்னு. ஆனா மூணு நாளா விடல."

"ஊதல."

"அதான் மூடிட்டான்ல! திங்கக்கெழமை காலையில விஜிதரன் போய்ப் பாத்தா, இந்தா, இந்தக் கோலம்."

போனை நீட்டினார். படத்தில் கருவியின் வாயை ஒரு படங்கு மூடியிருந்தது. கொழுந்தெடுக்கிறவர்கள் ஈரத்துக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த ஷீட். ஓரத்தில் வெள்ளைப் பெயின்டில் சிவசாமியின் பெயரின் முதல் எழுத்து.

"அது அப்பாவுடையதுதான்," என்றாள் ஜெயந்தினி, குரல் தேய்ந்து. "சைரன் ரூம் ஆணியில தொங்கும்."

கந்தப்பன் போனை வாங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான். படத்தை விரலால் பெரிதாக்கினான். மறுபடியும் பெரிதாக்கினான்.

"கண்டாக்கையா, நான் பொறந்து வளந்தது வட்டகொடையில. எங்கம்மா முப்பது வருஷம் படங்கு கட்டுனாங்க. கயித்துல கட்டுவாங்க, சீலைக் கிழிசல்ல கட்டுவாங்க, ஒண்ணுமே கெடைக்காட்டி வாழ நார்ல கட்டுவாங்க. இந்தப் படங்கு கட்டியிருக்குறது பாருங்க, பல்லு பல்லா இருக்குற வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டி. ஒருக்கா இழுத்தா அவுக்க முடியாது, வெட்டத்தான் வேணும். இத நான் எங்க பாத்திருக்கேன் தெரியுமா? எங்க மிஸ் ஆபீஸ்ல, கம்பியூட்டர் வயருங்கள எல்லாம் சேத்துக் கட்டி வச்சிருக்கும்."

ஷாமிலா திரும்பி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கிடைத்தது போல கந்தப்பன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"கடையில யாரும் வாங்கலாம்," என்றார் கண்டாக்கு.

"வாங்கலாம்," என்று ஒப்புக்கொண்டாள் ஷாமிலா. "அப்ப இதையும் பாருங்க. தட்டுக்கு அடியில ஒரு பால்மா டின் ஈக்குது."

"அப்பா நாய்க்குக் குழாய்த் தண்ணி புடிக்க வச்சது. மழைக்கு முந்தின நாள் நான் பாத்தப்ப வெறும் டின்," என்றாள் ஜெயந்தினி.

"படத்துல அது வாய் வரைக்கும் ரொம்பி வழியுது. படங்கு மூடி ஈக்கு, டின்னும் ரொம்பி ஈக்கு. தண்ணி எங்கால வந்திச்சு?"

"சாரல் அடிச்சிருக்கும்."

ஷாமிலா குந்தி உட்கார்ந்து, டின்னிலிருந்து தள்ளி, தட்டின் ஓரத்துக்கு அடியில் கையை விட்டாள். வெளியே எடுத்துக் காட்டினாள். விரல்களில் காய்ந்த மண்தூள்.

"நேத்துலேருந்து சாரல்தான். தட்டோட ஓரத்துக்கு அடியிலகூட மண் நனையல, டின் வழிஞ்ச எடம் மட்டும்தான் ஈரம். டின்னுக்குத் தண்ணி அந்தக் குழாய் வழியா மட்டும்தான் வர முடியும். குழாய்க்கு மேலே புனல் வழியாத்தான் வரணும். மூணு நாள் மழையும் புனலுக்குள்ள போய், அளந்து, டின்னுக்கு வந்து, டின் ரொம்பினதுக்குப் பொறகுதான் யாரோ படங்கப் போட்டு மூடி ஈக்காங்க. மழை விட்ட பொறகு மூடினவனுக்கு, மழைய மறைக்கிற எண்ணம் இல்ல."

"அப்ப வேற என்ன எண்ணம்?" என்றான் கந்தப்பன்.

"வேற எதையோ மறைக்கிற எண்ணம். கண்டாக்கையா, சைரன் ரூம் சாவி யார்கிட்ட?"

"விஜிதரன்கிட்ட. சிவசாமிய வேலைய விட்டு நிப்பாட்டுனதுல இருந்து அவர்தான் பொறுப்பு."

"இப்ப அதுல எவ்வளவு மழை காட்டுதுன்னு பாத்தீங்களா?"

"இந்தத் தூறலையெல்லாம் போய்ப் பாக்கணுமா?" கண்டாக்கு குடையைச் சாய்த்துக்கொண்டு நடந்தார். "நீங்க என்னமும் கண்டுபிடிங்க. லொறி நாலு மணிக்குப் போகும். தோட்டத்த நடத்துற பெரியதொரையோட உத்தரவு."

பாடசாலை முற்றத்தில் கொழுந்து லொறி ஏற்கனவே நின்றிருந்தது. பாய், பானை, அடுப்பு, கோழிக்கூடை எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. சைரன் ரூம் என்பது பாடசாலைக்குப் பின்னால் இருந்த பழைய மருந்துக் களஞ்சியம். கதவு உள்ளேயிருந்து பூட்டியிருந்தது. தட்டினார்கள்.

"கரண்ட் வேல நடக்குது! அப்புறம் வாங்க!" என்று உள்ளேயிருந்து ஓர் இளைஞன் குரல்.

"கரண்ட் வேல செய்றவன் ஜன்னல்ல லைட்டு எரியவிட்டா செய்வான்?" என்று முணுமுணுத்தான் கந்தப்பன்.

லொறியின் பின்கதவில் காலை வைத்து ஒரு பெண் ஜெயந்தினியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொழுந்தெடுக்கும் கூட்டத்தில் குரல் உயர்ந்தவளான அம்மாக்கண்ணு.

"அப்பனுக்கு வக்கீல் புடிச்சாந்துட்டியா?"

"வக்கீல் இல்லக்கா, விசாரிக்கிறவங்க."

"என்னத்த விசாரிக்கிறது? ஏம் பேத்தி அந்தப் பிள்ளைக்காம்பராவுலதான் தூங்குவா."

ஷாமிலா அவள் பக்கத்தில் போய் நின்றாள். "ஒங்க கோபம் சரிதான். நானும் அதுக்குத்தான் வந்தேன். உள்ள ஈக்கிற தம்பி, விஜிதரன், எப்படிப்பட்டவர்?"

"அதுவா?" அம்மாக்கண்ணுவின் கோபம் சட்டென்று வேறு திசைக்குத் திரும்பியது. "நல்ல புள்ளதான். மரியாதையாப் பேசும். ஆனா அது நிறுவைக்குக் கம்பியூட்டரக் கொண்டாந்ததுல இருந்து எங்க கொழுந்து தேயுது தாயி. தராசுல பதினேழு புள்ளி ஒம்பது காட்டும். தம்பியோட மிஷின் பதினேழுங்கும். புள்ளிக்குப் பின்னால உள்ளத வெட்டணும்னு ஆபீஸ் சட்டமாம். சாக்குப் பாரமாம், எல ஈரமாம்."

"ஒரு நாளைக்கு ஒருக்காதானே வெட்டுது?"

"ஒருக்காவா! காலை நிறுவையில வெட்டு, பகல் நிறுவையில வெட்டு, அந்தி நிறுவையில வெட்டு. மூணு வேளையும் சேத்துக் கூட்டிப்புட்டு ஒருக்கா வெட்டிட்டுப் போயேன்னா, கம்பியூட்டர் அப்படித்தான் செய்யுமாம்! ஒரு நாள் புள்ளத்தாச்சி ஒருத்தி முடியாம முக்காக் கிலோ எடுத்தாந்தா. அவளுக்கு என்ன போட்டுச்சுன்னு நெனக்கிற? பூச்சியம்!"

சுற்றி நின்ற பெண்கள் கசப்பாகச் சிரித்தார்கள். ஷாமிலாவின் கையிலிருந்த கைக்குட்டை அசையாமல் நின்றது.

கந்தப்பனுக்கு அது தெரியும். கைக்குட்டை நின்றால் மிஸ் பிடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

"கந்தப்பண்ணே. கதவை ஒடைக்காம திறக்க வழி ஈக்கா?"

"இருக்கு மிஸ்." கந்தப்பன் கதவுக்குப் போய் வாயைக் கிட்டே வைத்தான். "தம்பி விஜிதரன்! பிளாஸ்டிக் பட்டி ஒண்ணு கீழ விழுந்து கெடக்கு. உன்னுதா? வெள்ளப் பட்டி. படங்கு கட்டுறது!"

உள்ளே நாற்காலி ஒன்று நகர்ந்தது. பிறகு தாழ்ப்பாள் இழுபட்டது.

விஜிதரனுக்கு இருபத்தைந்து இருக்கும். சரியாகத் தூங்கி நாலைந்து நாளான கண். அவனுக்குப் பின்னால் மேசையில் ஒரு பழைய கம்பியூட்டர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. கீழே ஒரு வரி: கடந்த இருபத்துநாலு மணித்தியால மழை, பூச்சியம்.

ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"அல்லாஹ்," என்றாள் ஷாமிலா மெதுவாக. "நேத்துலேருந்து நனையிறோம், பூச்சியமா?"

"மிஸ், நான் அத..."

"மழைக் கணக்குப் போட நீங்க எழுதின ஸ்கிரிப்டக் காட்டுங்க."

அவன் தட்டினான். திரையில் பத்துப் பன்னிரண்டு வரிகள் வந்தன. ஷாமிலா குனிந்தாள். கந்தப்பனும் குனிந்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் ஒரு சொல் மட்டும் கண்ணில் பட்டது.

"மிஸ், இது இங்கிலீசு எழுத்துல நம்ம 'கொழுந்து' இல்ல?"

"கொழுந்துதான் அண்ணே. மழையக் கூட்டுற ஸ்கிரிப்டுக்குள்ள கொழுந்து வந்து என்ன செய்யுது தம்பி?"

விஜிதரன் நாற்காலியில் விழுந்தான். கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"நிறுவை ஸ்கிரிப்டுல இருந்து எடுத்தேன் மிஸ். அந்த ஒரு வரிய. பேரக்கூட மாத்தல."

"மிஸ், நமக்கும் வெளங்குற மாதிரி," என்றான் கந்தப்பன்.

"கம்பியூட்டருக்கு வேல செல்ற பாஷை ஒண்ணு ஈக்கு, ஷெல்னு பேர். ரொம்பக் கெட்டிக்காரன். ஆனா கணக்குல முழு எண் மட்டும்தான் தெரியும். ஏழைப் பாதியாக்கச் சொன்னா மூணுன்னு செல்லும்."

"மிச்சம் அரை?"

"போச்சு. புள்ளி வச்ச எண்ணைக் கையில குடுத்தா, பிழைன்னு செல்லிட்டு நின்னே போயிடும். தம்பிக்கும் நின்னு போயிருக்கும்."

"நின்னு போச்சு மிஸ்," என்றான் விஜிதரன் விரல்களுக்கு நடுவிலிருந்து. "இடி விழுந்த பொறகு சீக்கிரம் சரிபண்ணுன்னு அவசரப்படுத்துனாங்க. நிறுவையில புள்ளியயும் பின்னால உள்ளதையும் வெட்டுற வரி ஏற்கனவே இருந்துச்சு. அதப் போட்டேன். ஒடனே ஓடுச்சு. பேய் மழைக்கு ஊதவும் செஞ்சுச்சு. சரின்னு விட்டுட்டேன்."

"பேய் மழைக்கு ஊதும். கருவி பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஒரு எண் அனுப்புது. பன்னெண்டு புள்ளி ஆறுன்னு வந்தா பன்னெண்டாவது மிஞ்சும். இந்த மாதிரி மழைக்கு என்ன வரும்? பூச்சியம் புள்ளி எட்டு. வெட்டினா பூச்சியம். அடுத்த பத்து நிமிஷம், பூச்சியம் புள்ளி ஒம்பது. வெட்டினா பூச்சியம். மூணு நாள் முழுக்க மலை குடிச்ச தண்ணியெல்லாம் புள்ளிக்குப் பின்னால பேஞ்ச மழை. ஒரு சொட்டுக்கூடக் கணக்குல வரல."

அம்மாக்கண்ணுவின் முக்கால் கிலோ என்று கந்தப்பனுக்கு உறைத்தது.

"எப்ப தெரிஞ்சிச்சு தம்பி?" என்றாள் ஷாமிலா.

"திங்கக்கெழமை காலையில. ஸ்க்ரீன்ல பூச்சியத்தப் பாத்ததும் வெளங்கிருச்சு. கை கால் ஓடல. படங்கு ஆணியில தொங்குச்சு. எடுத்துட்டுப் போயி..." முகத்திலிருந்து கையை எடுத்தான். "அன்னைக்கே சரிபண்ணிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துரலாம்னு நெனச்சேன் மிஸ். புள்ளிக் கணக்குப் போட பீசீன்னு ஒரு சின்ன புரோகிராம் வேணும், அது இந்தப் பழைய கம்பியூட்டர்ல இல்ல. டவர் விழுந்து இன்டர்நெட் இல்ல, எறக்க முடியல. புள்ளிய மட்டும் எடுத்துட்டு, பூச்சியம் புள்ளி எட்ட பூச்சியம் எட்டுன்னு பத்து மடங்கா எண்ணிப் பாத்தேன். பூச்சியம் ஏழு வரைக்கும் கூட்டுது. பூச்சியம் எட்டு வந்தா நின்னுருது."

"ஏழுக்கு மேல எண்ணத் தெரியாதா அதுக்கு?" என்றான் கந்தப்பன்.

"முன்னால பூச்சியம் ஈந்தா அது வேற முறையில எண்ண ஆரம்பிச்சுடும் அண்ணே," என்றாள் ஷாமிலா. " அந்த முறையில எட்டும் கெடையாது, ஒம்பதும் கெடையாது."

வெளியே லொறி உறுமியது. ஜன்னல் வழியாகப் பார்த்தான் கந்தப்பன். பின்கதவை ஏற்றிக் கொக்கி போட்டாயிற்று. ஜெயந்தினி முன்னால் நின்று கையை விரித்துக் கத்திக்கொண்டிருந்தாள். கண்டாக்கு அவளை ஓரமாக இழுத்தார்.

"மிஸ், வண்டி கெளம்புது! நான் போயி ஆட்டோவக் குறுக்க போடவா?"

"தள்ளிட்டுப் போவாங்க. யார் வாய்ச் சொல்லையும் நம்ப மாட்டாங்க, சைரன் சொன்னாத்தான் நம்புவாங்க. தம்பி, எழும்புங்க. தட்டுங்க. ஆக் ஈக்கும்."

"ஆக்கா?"

"பீசீ இல்லாத கம்பியூட்டர்லயும் ஆக்குன்னு இன்னொரு புரோகிராம் ஈக்கும். எழுத்துப் பிரிக்கிறதுக்குன்னு வச்சதுதான், புள்ளியும் நல்லாத் தெரியும். ஷெல்லுக்குத் தெரியாத கணக்கைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துக் கேட்டு வாங்குங்க."

"அந்த ஆக் சிங்கள ஆளா மிஸ்?"

"வாய மூடுங்கண்ணே. தம்பி, அந்த வெட்டுற வரிய அழிங்க. கருவி அனுப்பின எண்ணையெல்லாம் புள்ளியோட அப்படியே ஆக்கிட்ட குடுங்க."

விஜிதரன் தட்டினான். ஒரு பிழை. அழித்தான். மறுபடியும் தட்டினான். லொறியின் சத்தம் முற்றத்தை விட்டு வெளியேறியது. கியர் மாறியது. மேட்டில் ஏறத் தொடங்கியது.

திரையில் எண் வந்தது. நூற்று இருபத்தாறு புள்ளி நான்கு.

"நூறு தாண்டினா ஊதணும், இல்லையா?" என்றான் கந்தப்பன்.

"ஆமா."

மூவரும் கூரையைப் பார்த்தார்கள். கூரையின் மேல் மழை மட்டும் பேசியது.

"ஏன் ஊதல? ஏன்டா ஊதல?"

"பொறுங்க." ஷாமிலா திரையில் முகத்தை ஒட்டினாள். "பிழை செல்லுது. முழு எண் வேணுமாம். கூட்ட மட்டுமில்ல, எது பெருசுன்னு பாக்கவும் ஷெல்லுக்குப் புள்ளி ஆகாது. நூத்தி இருபத்தாறு புள்ளி நாலு பெருசா, நூறு பெருசான்னு கேட்டா முழிக்குது."

"அப்ப?" விஜிதரனின் நெற்றியில் வேர்வை. குளிரில் வேர்வை.

"ஒங்க பழைய வரி எங்க? வெட்டுற வரி?"

"அழிச்சிட்டேனே மிஸ்! நீங்கதானே..."

"மறுபடி எழுதுங்க. ஆனா கீழ. கூட்டி முடிச்சதுக்குப் பொறகு. இப்ப வெட்டுங்க, ஒரு நட்டமும் இல்ல. புள்ளி நாலு போனா நூத்தி இருபத்தாறு நிக்கும். வெட்டிட்டுக் கூட்டக் கூடாது தம்பி. கூட்டிட்டுத்தான் வெட்டணும்."

அவன் விரல் கடைசி எழுத்தில் விழுந்தது.

சைரன் முதலில் இருமியது. பிறகு அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கூரைத் தகரம் அதிர, எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. கந்தப்பன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். ஷாமிலா பின்னால். விஜிதரன் கடைசியில், கால் இழுத்து இழுத்து.

லொறி கூப்பிடு தூரத்தில், முதல் வளைவிலேயே நின்றுவிட்டது; மூவரும் அங்கே ஓடினார்கள். பின்கதவு திறக்கவும் காத்திராமல் சனங்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கை மாறினார்கள். பானை ஒன்று உருண்டு பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் போனது, யாரும் பார்க்கவில்லை.

"அப்பா மேல இருக்காரு!" ஜெயந்தினி எல்லாரையும் இடித்துக்கொண்டு லயத்துப் பாதையில் ஏறினாள். "அப்பா! அப்பா!"

கூட்டம் அப்படியே நின்றது. யார் அவரை மேலே அனுப்பினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மாக்கண்ணு ஒருத்திதான் அசைந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவளும் ஏறத் தொடங்கினாள். "நில்லு புள்ள, தனியாப் போவாத!"

கண்டாக்கு ஓடிவந்தார். குடை எங்கேயோ போயிருந்தது. "யாருடா ஊத விட்டது? இந்தத் தூறலுக்கு ஊதுதா? நிப்பாட்டு! பெரியதொரை என்னைத்தான் கேப்பாரு!"

"நூத்தி இருபத்தாறு மில்லிமீட்டர் தூறல் கண்டாக்கையா," என்றாள் ஷாமிலா. "சைரன் ரூமுக்குப் போய்ப் பாருங்க. போன வாரமும் இவ்வளவு பேஞ்சிச்சு. படங்கு மூடினதால இல்ல, மிஷினுக்குக் கூட்டத் தெரியாததால ஊதல."

மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு தலை தெரிந்தது. அதற்கு முன்னால் நாலைந்து ஆடுகள் வழுக்கி வழுக்கி இறங்கின. லயத்தை விட்டு ஓடியபோது மற்றவர்கள் விட்டுவிட்டு வந்த ஆடுகள். ஜெயந்தினி அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மாக்கண்ணு ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டாள். மூன்று பேரும் வளைவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

சிவசாமிக்கு முழங்கால் வரைக்கும் சேறு. மூச்சு வாங்கினார்.

"அடுப்பங்கரைச் சுவரு விட்டுருச்சு," என்றார் பொதுவாக எல்லாரிடமும். "நாலாம் லயம், அஞ்சாம் லயம், ரெண்டுலயும். வெடிப்புக்குள்ள என் கையே போவுது. சொல்லத்தான் எறங்கி வந்தேன். பாதி வழியில சைரன் கேட்டுச்சு."

யாருக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஷாமிலா விஜிதரனைப் பார்த்தாள். கந்தப்பன்தான் அவன் தோளில் கையை வைத்து லேசாக முன்னால் தள்ளினான்.

"போ தம்பி. அந்த வேலய ஆக் செய்யாது."

விஜிதரன் கூட்டத்தின் நடுவில் போய் நின்றான். சைரனுக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

"சிவசாமி அண்ணே! நீங்க ஒண்ணும் செய்யல. பிழை என்னோடது. கணக்குத் தப்பா எழுதுனது நான். படங்க எடுத்து மூடுனதும் நான்தான். பயத்துல உங்க மேல போட்டுட்டேன்."

கூட்டத்தில் யாரோ ஒருவன் அவன் சட்டையைப் பிடித்தான். இன்னொருவன் கை ஓங்கினான். அம்மாக்கண்ணு ஆட்டுக்குட்டியோடு குறுக்கே புகுந்தாள்.

சிவசாமி விஜிதரனையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிப்பாரா, அழுவாரா என்று கந்தப்பனுக்குக் கணிக்க முடியவில்லை. தாடை இரண்டு முறை அசைந்தது. பிறகு அவர் பார்வை அவனைத் தாண்டிக் கீழே போனது. அங்கே பள்ளத்தில், இதே மலையின் காலடியில், இதுவரை யாரையும் வெளியேற்றாத கீழ் டிவிசன் லயங்களின் கூரைகளில் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டுடா அத!" என்று கண்டாக்கு மறுபடியும் கத்தினார். பழக்க தோஷத்தில் விஜிதரன் சைரன் ரூம் பக்கம் ஒரு அடி வைத்தான்.

சிவசாமி அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நமக்குள்ள உள்ளத அப்புறம் பேசிக்குவோம். இப்ப அதுல கை வைக்காத. கீழ இருக்குறவங்களுக்கு இன்னும் கேக்கல."